முன்பெட்டி மின்சைக்கிள்: வேனுக்குப் பதிலாக நிற்குமா?

ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் விற்பனைத் தாளின் முதல் வரியில் இருக்கும். பட்டுவாடா வேலைக்கு வாங்குகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்ணும் அதுதான். ஒரு நாளில் எத்தனை இடத்தில் நின்று கிளம்புகிறீர்கள், எத்தனை கிலோவோடு நிற்கிறீர்கள், ராத்திரியில் வண்டி எங்கே நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், இது உழைக்குமா அல்லது ஒரே வருடத்தில் மூலையில் சாத்தப்படுமா என்று சொல்லிவிடலாம்.

இங்கே பார்க்கப்போகும் வண்டி இதுதான்: இரண்டு சக்கரம், ஓட்டுகிறவருக்கு முன்னால் தாழ்வாக ஒரு பெட்டி, அதற்கும் முன்னால் 20 அங்குலச் சின்னச் சக்கரம், பின்னால் 26 அங்குலம், பெடல் அச்சிலேயே மோட்டார். டென்மார்க்கில் பிறந்த ‘லாங் ஜான்’ அமைப்பு. மோட்டாரும் பேட்டரியும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. இன்றைக்குக் கிடைக்கும் நல்ல வண்டிகள் பெரும்பாலும் ஒரே பாகங்களின் வெவ்வேறு சேர்க்கை: பாஷ் அல்லது ஷிமானோ மோட்டார், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், செயின் அல்லது கேட்ஸ் பெல்ட், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளேயே கியர். அதனால் பெயர்ப்பலகையை விட்டுவிட்டுப் பாகங்களைப் பற்றிப் பேசுவதுதான் வாங்குகிறவருக்கு உதவும்.

முதலில் கணக்கு. வண்டி 50 கிலோ, ஆள் 75, சரக்கு 125, மொத்தம் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 20 கிமீ வேகத்தில் டயர் உருளும் தடையும் காற்றும் சேர்ந்து சுமார் 230 வாட் கேட்கும். ஆள் 80 வாட் மிதித்தால் மீதி 150 மோட்டாருடையது. இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 190 வாட் வெளியேறும், அதாவது கிலோமீட்டருக்கு 9 அல்லது 10 வாட்-மணி. 500 வாட்-மணி பேட்டரியில் 50 கிமீ. தாளில் போட்டிருப்பது பொய் இல்லை, நிற்காமலே போனால்.

பட்டுவாடா என்றாலே நிற்பதுதான் வேலை. 250 கிலோவை நின்ற இடத்திலிருந்து 20 கிமீ வேகத்துக்குக் கொண்டுவர ஒரு வாட்-மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பிரேக் பிடித்த நொடியில் அது சூடாகிக் காற்றோடு போய்விடும். பெடல் அச்சில் மோட்டார் வைத்த வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பி வராது, ஏனென்றால் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மோட்டாரை விட்டுத் தனியாக உருளும். 100 பார்சல் என்றால் 100 நிறுத்தம். சிக்னலும் தெருமுனையும் சேர்ந்தால் 200க்கு வந்துவிடும். போகப் போகப் பெட்டி காலியாகும், ஆளும் கொஞ்சம் மிதிப்பார் என்று கழித்துக்கொண்டாலும் 100 முதல் 150 வாட்-மணி வரை நிற்பதற்கே போகும். நிறுத்தங்கள் நிறைந்த வேலைக்கு 500 வாட்-மணி பேட்டரி ஒன்று போதாது. இரண்டு வேண்டும், அல்லது மதியம் சார்ஜ் போட ஓர் இடம் வேண்டும்.

மேடு இன்னொரு கதை. 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சாலையில் இதே 250 கிலோவை மணிக்கு 10 கிமீ வேகத்தில் ஏற்ற 610 வாட் தேவை. ஐரோப்பாவின் இஎன் 15194 தரப்படி 250 வாட் என்று குறிக்கப்படுவது தொடர்ந்து தாங்கும் திறன். கொஞ்ச நேரத்துக்கு நல்ல மோட்டார்கள் அதற்கு இரண்டு மடங்குக்கு மேலும் கொடுக்கும். அதனால் ஏறிவிடலாம், ஆனால் ஆள் வழக்கத்தைவிடப் பலமாக மிதித்தாலும் அப்படி ஒரு கிலோமீட்டர் ஏற 55 முதல் 60 வாட்-மணி. சமதளத்தில் 6 கிமீ போகும் மின்சாரம் அது. உங்கள் பாதையில் இப்படி மூன்று மேடு இருந்தால் தாளிலுள்ள தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஏறும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. பெரிய கியரில் மெதுவாக, முக்கி முக்கி மிதித்தால் மோட்டார் சூடேறித் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சின்னக் கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று மிதித்தால் அதே மேட்டை அலுங்காமல் ஏறும். பின்சக்கர ஹப்பிலேயே மோட்டார் உள்ள மலிவு வண்டிகளுக்கு இந்த வசதி இல்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும், உள்ளே போகும் மின்சாரம் பாதி வெப்பமாகவே போகும். சமதளத்தில் லேசான சுமைக்கு ஹப் மோட்டாரை ஒதுக்க வேண்டியதில்லை. 100 கிலோ சரக்கோடு மேடு ஏற அதை நம்பாதீர்கள்.

இனி பிரேக். இந்த வண்டியில் காசை எங்கே கொட்டியிருக்கிறார்கள், எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பது இங்கேதான் தெரியும்.

100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் 250 கிலோ வண்டி சுமார் 245 கிலோஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். சாதாரண சைக்கிளும் ஆளும் சேர்ந்து 95 கிலோ என்றால் அது 93 கிலோஜூல்தான். இரண்டிலும் அதே இரண்டு டிஸ்க் தட்டு, அவற்றைக் கவ்வும் அதே நான்கு பேட். இதில் சூடு மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல். சைக்கிளுக்குப் போடும் 160 மிமீ தட்டை அப்படியே மாட்டிய வண்டியை வாங்காதீர்கள். 180 மிமீ குறைந்தபட்சம், 203 நல்லது, பேடை அழுத்தும் காலிப்பர் நான்கு பிஸ்டன் உள்ளதாக இருக்கட்டும். இறக்கத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது கெட்ட பழக்கம். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடித்தால் இடைவெளியில் தட்டு ஆறும்.

சைக்கிளில் முன்பிரேக்தான் முக்கியம் என்று பழகியவர்களுக்கு இதில் ஒரு மாற்றம் உண்டு. சாதாரண சைக்கிளில் பலமாகப் பிரேக் பிடித்தால் மொத்த எடையில் கிட்டத்தட்டப் பாதி முன்சக்கரத்துக்குப் பாயும், பின்சக்கரம் கிளம்பப் பார்க்கும். இந்த வண்டியில் சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 2 மீட்டர். சரக்கும் தாழ்வாக இருக்கிறது. அதே பலத்தில் பிடித்தால் ஐந்தில் ஒரு பங்கு எடைதான் முன்னே போகும். அதனால் பின்பிரேக்கும் முழுதாக வேலை செய்கிறது, அதன் பேடுகளும் சீக்கிரம் தேய்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றுவோம் என்று காத்திருந்தால் பின்னால் இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கியிருக்கும்.

பேடின் உராய்வுப் பொருள், பின்தகட்டைச் சேர்க்காமல், 0.5 மிமீக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். ஷிமானோ தட்டுகள் புதிதில் 1.8 மிமீ, 1.5 ஆனால் தூக்கிப்போட வேண்டும். விரல் நகத்தை விளிம்பில் வைத்து இழுத்தால் படி தட்டுப்படும், அப்போதே அளந்துவிடுங்கள். உலோகப் பேடு சூட்டையும் மழையையும் அதிகம் தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும். ரெசின் பேடு அமைதியானது, சீக்கிரம் கரையும். சில தட்டுகளில் ரெசின் பேடு மட்டும் என்று பொறித்திருப்பார்கள். அதில் உலோகப் பேடு போட்டால் தட்டே கரைந்துவிடும். புதுப் பேடு போட்டதும் மணிக்கு 25 கிமீயிலிருந்து நடை வேகம் வரை, முழுதாக நிற்காமல், 20, 30 தடவை அழுத்திப் பிடித்து விட வேண்டும். இதைச் செய்யாமல் முதல் நாளே லோடு ஏற்றினால் பேடின் முகம் கண்ணாடியாகிக் கத்தும், பிடிமானமும் பாதிதான் வரும்.

எண்ணெயில் இரண்டு தவறு நடக்கும். ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், ஸ்ராமில் பலவற்றுக்கு டாட் எனப்படும் வேறு வகைப் பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். இரண்டாவது, செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது துளி தட்டில் தெறிப்பது. எண்ணெய் குடித்த பேடைத் தேய்த்தாலும் சுட்டாலும் பழைய பிடிமானம் திரும்புவது அரிது, குப்பைதான். முன்பிரேக் குழாய் இந்த வண்டியில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நீளமாகப் போவதால் காற்றுக்குமிழி எடுப்பதும் பொறுமையைச் சோதிக்கும். லீவர் பஞ்சுபோல் அமுங்கினால், குழாயின் ஒவ்வொரு வளைவிலும் தட்டி, வண்டியை முன்சக்கரம் தாழ நிறுத்தி, லீவர் பக்கம்தான் மிக உயரமான புள்ளி என்று உறுதிசெய்துகொண்டு எடுக்க வேண்டும்.

செயினா பெல்ட்டா என்று கேட்டால், தினமும் ஓடும் வண்டிக்குப் பெல்ட்டும் ஹப் கியரும் என்பதே பதில். காரணம் எளிது: ஆளின் காலும் 85 நியூட்டன் மீட்டர் மோட்டாரும் ஒரே செயினை இழுக்கின்றன. லோடு வண்டியில் 2000 கிமீ தொடும் முன்பே செயின் எல்லையைத் தாண்டுவது சகஜம். அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் இரும்பு ஸ்கேல் போதும். 24 கண்ணி, பின்னுக்குப் பின், புதிதில் 304.8 மிமீ. 306.3 வந்தால் 0.5 சதவீதம் நீண்டிருக்கிறது. 11, 12 ஸ்பீடு செயினை அப்போதே மாற்றுங்கள். மற்றவை 307.1 வரை போகலாம். அதைத் தாண்டி ஓட்டினால் செயினோடு பின்பல்சக்கரமும் போகும், புதுச் செயின் பழைய பல்லில் நழுவும். பின்னால் வெளியே தெரியும் டிரெய்லியர் கியரில் இன்னொரு குறை உண்டு. நின்றுகொண்டே கியர் மாற்ற முடியாது. சிக்னலில் திடீரென்று நின்றால், கனத்த கியரில் 250 கிலோவைக் கிளப்ப வேண்டியதுதான். செயின் அறுவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

ஹப் கியரில் நின்றபடியே முதல் கியருக்கு வந்துவிடலாம். என்வியோலோ ஹப்பில் கியர் படிகளே கிடையாது, கைப்பிடியைத் திருகத் திருக விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். புதிதாக ஓட்டுகிறவர் அரை மணியில் பழகிவிடுவார், ஆளாளுக்கு மாறி ஓட்டும் வண்டிக்கு அது பெரிய ஆசுவாசம். விலையாகக் கொஞ்சம் சக்தி உள்ளேயே கரைகிறது. ரோலாஃப் ஹப்பில் 14 கியர், மேட்டுக்கு அதுதான் ராஜா. 5000 கிமீக்கு ஒரு தடவை அல்லது வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும். ஷிமானோ 8 கியர் ஹப் போதுமானது, ஆனால் கியர் மாற்றும்போது காலைத் தளர்த்தியே ஆக வேண்டும். மோட்டார் இழுக்கும்போது மாற்றுகிறவர் கையில் அது நாள் தாங்காது.

பெல்ட்டில் எண்ணெய் வேண்டாம், துருவும் பிடிக்காது. அதன் எதிரி மடிப்பு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது முறுக்கினாலோ கூர்மையாக மடித்தாலோ உள்ளேயிருக்கும் கார்பன் இழை ஒடிந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது, ஒரு வாரம் கழித்து லோடோடு மேட்டில் அறும். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பி மாட்டுவதும் அதே வேலைதான். தூசியில் கீச்சிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

சக்கரத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. பின்சக்கரத்தில் 36 ஸ்போக்ஸ், வழக்கத்தைவிடத் தடித்த கம்பி, இரட்டைச் சுவர் ரிம் வேண்டும். புதுச் சக்கரத்தில் முதல் 200, 300 கிமீயில் ஸ்போக்ஸ் இளகும். அப்போது ஒருமுறை இழுவை சரிபார்த்துக் கோட்டம் எடுத்துவிட்டால் பிறகு தொல்லையில்லை. விட்டுவிட்டால் தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, ஹப்புக்கு அருகே உள்ள வளைவில் ஒடியும். ஒன்று ஒடிந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையையும் சுமக்கும், இரண்டு நாளில் இன்னொன்று. ஹப் மோட்டார் போட்ட சின்னச் சக்கரங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஹப் பெரிது, ரிம் சிறிது, கம்பி கோணலாகத்தான் ரிம்முக்குள் நுழைய முடியும்.

டயர் காற்றை வாரம் ஒருமுறை மானி வைத்துப் பாருங்கள், கட்டைவிரல் அழுத்தம் கணக்கில்லை. சுவரில் அச்சிட்ட அதிகபட்சத்துக்கு அருகே, லோடு வண்டிக்கு அதுதான். காற்று குறைந்து நடைமேடை விளிம்பில் ஏறினால் டியூபில் பாம்பு கடித்தாற்போல இரட்டை ஓட்டை விழும். பின்சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றப் போகாதீர்கள்: ஹப் கியர் கேபிள், பெல்ட், பிரேக் எல்லாம் தொங்கும். டயரின் ஒரு ஓரத்தை மட்டும் விலக்கி, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டு, சுரண்டி, பசை காய்ந்தபின் ஒட்டுப்போட்டு உள்ளே தள்ளிவிடலாம். கால் மணி நேர வேலை.

ஸ்டியரிங் இரண்டு விதம். ஹேண்டில்பாரிலிருந்து முன்ஃபோர்க் வரை ஒரு நீண்ட கம்பி, இரண்டு முனையிலும் பந்து மூட்டு. அல்லது இரண்டு கேபிள். கம்பி எளிது, பழுதும் எளிது. மூட்டு தேய்ந்தால் ஆட்டம் வரும்: ஒருவர் முன்சக்கரத்தைக் காலிடுக்கில் பிடிக்க, இன்னொருவர் ஹேண்டில்பாரை லேசாக அசைத்தால் கட்கட் என்று கேட்கும். பந்து மூட்டை மாற்றுவது சின்னச் செலவு, மாற்றாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. மூட்டின் மேல் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கேபிள் ஸ்டியரிங்கில் முன்சக்கரம் அதிகக் கோணத்துக்குத் திரும்பும், குறுகிய சந்தில் அருமை. ஆனால் கேபிள் நுனியில் ஒரு இழை பிரிந்து தெரிந்தாலும் அன்றைக்கே மாற்ற வேண்டும், இழுவை தளர்ந்தால் ஹேண்டிலுக்கும் சக்கரத்துக்கும் உறவு தளரும்.

சட்டத்தின் வெல்டிங்கையும் விடாதீர்கள். பெட்டிக்குப் பின்னால் சட்டம் கீழே வளைந்து ஸ்டியரிங் குழாயோடு சேரும் இடம், ஸ்டாண்ட் மாட்டிய இடம், முன்ஃபோர்க்கின் தலை ஆகிய மூன்றிலும் பெயின்டில் மயிரிழை போல் கோடு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், சட்டம் முறிவதாக வந்த புகார்களைத் தொடர்ந்து, பெயர்பெற்ற ஒரு தயாரிப்பாளரின் சரக்கு சைக்கிள்களை விற்கவே தடைபோட்டது. பெயர் பெரியதாக இருப்பது வெல்டிங்குக்கு உத்தரவாதம் இல்லை. சரக்கு சைக்கிளுக்கென்றே இப்போது இஎன் 17860 என்ற ஐரோப்பியத் தரத்தொகுப்பு வந்துவிட்டது. அதன்படி சோதித்ததா, அதற்கு முந்தைய ஜெர்மன் தரமான டின் 79010படியா, அல்லது சாதாரண மின்சைக்கிள் தரம் மட்டும்தானா என்று கேளுங்கள். விற்கிறவர் முழித்தால் அதுவே பதில்.

அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்ற எண்ணில் வண்டி, ஆள், பேட்டரி, மழைமூடி, பூட்டு எல்லாம் அடக்கம். 250 என்று போட்டிருந்தால் 250 கிலோ சரக்கு என்று படித்துவிடுகிறவர்கள் நிறைய. பெட்டிக்கும் பின்கேரியருக்கும் தனித்தனி வரம்பு வேறு இருக்கும், அதையும் எழுதி வாங்குங்கள்.

ஸ்டாண்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஒரு நாளைக்கு 100 தடவை அதைத்தான் மிதிக்கிறோம். அகலமான இரட்டைக்கால் வேண்டும், காலால் அழுத்தினால் வண்டி தானே ஏறி உட்கார வேண்டும், ஸ்பிரிங் இரண்டு இருந்தால் ஒன்று அறுந்தாலும் வேலை ஓடும். ஒரே ஸ்பிரிங் உள்ளதில் அது அறுந்தால் ஸ்டாண்ட் தரையில் இழுபட்டு வளைவில் ஆளைத் தூக்கியடிக்கும். சரிவில் நிறுத்தும்போது பார்க்கிங் பிரேக் இல்லாவிட்டால் லீவரைச் சுற்ற ஒரு ரப்பர் வளையம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பழகுவது ஒரு நாள் வேலை. முன்சக்கரம் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் ஹேண்டிலைத் திருப்பிய கணத்துக்கும் சக்கரம் திரும்புவது தெரிவதற்கும் இடையே கண் குழம்பும். சக்கரத்தைப் பார்த்தால் தள்ளாடும், 10 மீட்டர் முன்னால் பார்த்தால் நேராகப் போகும். முதலில் காலியாக, பிறகு 20, 30 கிலோவோடு. காலியைவிட லேசான லோடோடு ஓட்டுவது சுலபம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கனமானதைப் பெட்டியின் அடியில், ஓட்டுகிறவர் பக்கமாக வையுங்கள், மேலே லேசானவை. தண்ணீர்க் கேன் போல உள்ளே ஆடுவதைப் பட்டை போட்டு இறுக்காமல் வளைவு எடுக்காதீர்கள்.

மூன்று சக்கரம் பாதுகாப்பாயிற்றே என்று கேட்பார்கள். நிற்கும்போது ஆம். ஆனால் சாயாத முச்சக்கரம் வளைவில் சாய்ந்து ஈடுகொடுக்காது. முன்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில், 5 மீட்டர் ஆரத் திருப்பத்தில் மணிக்கு 13 கிமீக்குப் பக்கத்திலேயே உள்சக்கரம் தூக்கத் தொடங்கலாம், லோடு உயரமாக இருந்தால் அதற்கும் முன்பே. திருப்பத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும் பழக்கம் வராதவர்களிடம் கொடுக்காதீர்கள். 120க்கு 80 செமீ ஐரோப்பியப் பலகை அளவுச் சரக்கு ஏற்ற வேண்டுமானால் மட்டும் பின்பெட்டி முச்சக்கரம். அது வேறு வகுப்பு.

பேட்டரியில் முதலில் பார்க்க வேண்டியது ஆயுள். லித்தியம் அயான் பேட்டரிக்கு 500 முழுச் சுழற்சி என்று பல தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு அது பல வருடம். தினம் ஒரு முழுச் சார்ஜ் தீர்க்கும் பட்டுவாடா வண்டிக்கு இரண்டு வருடம்கூட இல்லை. மாற்றுப் பேட்டரியின் செலவை முதல் நாளே கணக்கில் எழுதாதவர்களுக்குத்தான் பிறகு இந்த வண்டி கசக்கிறது. இரும்பு பாஸ்பேட் வகை நான்கு மடங்கு சுழற்சி தாங்கும், அதே அளவு மின்சாரத்துக்கு எடை அதிகம். 50 கிலோ வண்டியில் இரண்டு கிலோ கூடினால் பாதகமில்லை.

36 வோல்ட் 500 வாட்-மணி பேட்டரி 2 ஆம்பியர் சார்ஜரில் 7, 8 மணி நேரம் எடுக்கும், 4 ஆம்பியரில் நாலரை. மதியச் சார்ஜ் திட்டம் இருந்தால் இரண்டாவது வகைதான் உதவும். 0 டிகிரிக்குக் கீழேயும் 45க்கு மேலேயும் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்த பேட்டரியை அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டு மாட்டுங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள். தீ விபத்துகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணங்கள் சில: வேறு வண்டியின் சார்ஜர், கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, தெருமுனையில் செல் மாற்றிக் கட்டிய பேட்டரி. கீழே விழுந்தது ஊதியிருந்தால் அப்புறம் சார்ஜ் போடவே கூடாது. படிக்கட்டிலும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் போடாதீர்கள், பற்றினால் தப்பிக்கும் பாதையே அதுதான். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து யூஎல் 2849 தரம் பெறாத மின்சைக்கிள்களையும் யூஎல் 2271 பெறாத பேட்டரிகளையும் விற்கத் தடை செய்திருக்கிறது. நீங்கள் எங்கே வாங்கினாலும் இந்த எண்கள் அல்லது அவற்றுக்கு இணையானவை பேட்டரியின் உடலிலேயே அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரத்தில் அல்ல.

பச்சைக் கணக்குக்கு வருவோம். நிறுத்தம், மேடு எல்லாம் சேர்த்து இந்த வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 15 வாட்-மணி என்று வைத்தாலும் மின்வேன் 200 முதல் 300 வரை குடிக்கும். டீசல் வேன் லிட்டருக்கு 2.6 கிலோவுக்கு மேல் கரியமிலவாயு விடும். ஆனால் வேன் ஒரே நடையில் 100 பார்சல் ஏற்றும். இதில் பெட்டி நிறைய 30, 40 சின்னப் பார்சல். ஆகவே கிலோமீட்டரை ஒப்பிடுவது ஏமாற்று, பார்சல் ஒன்றுக்கு எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் நெரிசலான நகர மையத்தில் இதுவே ஜெயிக்கிறது. லண்டனில் 2021இல் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில் சரக்கு சைக்கிள் வேனைவிட ஏறத்தாழ 60 சதவீதம் வேகமாகப் பட்டுவாடா செய்தது. காரணம் சாலையில் வேகம் மட்டும் இல்லை. வேன் ஓட்டுகிறவர் இடம் தேடிச் சுற்றி, எங்கோ நிறுத்தி, நடந்து வருவார். இது வாசலிலேயே நிற்கும்.

அதற்குக் கிட்டத்திலேயே ஒரு கிடங்கு வேண்டும். ஹாம்பர்க்கில் யூபிஎஸ் பார்சல் நிறுவனம் 2012லேயே கன்டெய்னரை நகர மையத்தில் நிறுத்தி, காலையில் அதிலிருந்து சைக்கிளிலும் நடந்தும் பட்டுவாடா செய்யத் தொடங்கியது. கிடங்கிலிருந்து முதல் வாசல் 2, 3 கிமீக்குள் இருந்தால் இரண்டு மூன்று நடை போட்டுப் பெட்டியின் சின்ன அளவை ஈடுகட்டலாம். 10 கிமீ தள்ளிப் புறநகர்க் கிடங்கிலிருந்து நேரே கிளம்பினால் பாதிப் பேட்டரியும் பாதிப் பொழுதும் வழியிலேயே தீரும். அங்கே வேனே மேல். நீளம் இரண்டரை மீட்டருக்கு மேல் என்பதால் லிஃப்டில் ஏறாது, படியில் தூக்கவும் முடியாது. தரைத்தளத்தில் பூட்டி வைக்க இடம் இல்லாதவர்கள் அதைத் தீர்த்துவிட்டு வாங்கட்டும்.

ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டாரில் பிழை எண் வந்தால் அதன் முழு விவரத்தைப் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற கடையின் கணினியில்தான் படிக்க முடியும், வேறு பேட்டரியை மோட்டார் ஏற்காது. செயலி இல்லாமல் திறக்காத வண்டியானால் இன்னும் மோசம். 2023 ஜூலையில் நெதர்லாந்தின் வேன்மூஃப் மின்சைக்கிள் நிறுவனம் திவாலானபோது, வண்டி வைத்திருந்தவர்கள் டிஜிட்டல் சாவியைக் கழற்றிப் பத்திரப்படுத்த ஓடினார்கள். உழைக்கும் வண்டிக்கு இரும்புச் சாவியும், செயலி இல்லாமல் இயங்கும் மோட்டாரும் போதும். பேட்டரியும் பெல்ட்டும் எத்தனை வருடம் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டியவை: திரையில் மொத்தக் கிலோமீட்டரைப் பாருங்கள், பேட்டரியின் சுழற்சி எண்ணிக்கையைக் கடையில் படித்து வாங்குங்கள், தட்டைக் காலிப்பர் அளவுகோலால் அளங்கள், ஸ்போக்ஸை இரண்டிரண்டாகப் பிடித்து நசுக்கினால் ஒரே இறுக்கமா என்று கை சொல்லும். பெட்டியில் இரண்டு பேரை உட்கார்த்தி, ஸ்டாண்டை எடுத்து, பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். சட்டத்திலிருந்து ஒரு சின்ன டிக் சத்தம் வந்தாலும் எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.